அறுபது புத்தகம், ஒரு கோட்டுப் பொத்தான்: ஈவ் டாலஸ் தொடருக்குள் நுழைய ஒரு வழி

ஜே. டி. ராப் எழுதிய ‘இன் டெத்’ துப்பறியும் நாவல் தொடரை நான் தப்பான இடத்தில் தொடங்கினேன். பழைய புத்தகக் கடைக் குவியலில் அட்டை கிழியாமல் கிடைத்தது ‘போர்ட்ரெய்ட் இன் டெத்’. ஆரம்பத்திலேயே ஒரு வயதான பட்லர் விடுமுறைக்குக் கிளம்புகிறார். வீட்டுக்காரியான ஈவ் டாலஸ் அந்த நாளுக்காக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். மனிதர் பூனை தடுக்கி மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொள்ள, அவளுடைய சந்தோஷம் அங்கேயே போச்சு. எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போலீஸ் அதிகாரி வீட்டில் பட்லர் எதற்கு? அவர்மேல் இவளுக்கு அப்படி என்ன கடுப்பு? வீடு ஏன் கோட்டை மாதிரி இருக்கிறது?

கொலைக் கதை மட்டும் நன்றாகவே புரிந்தது. படித்து முடித்து மூடி வைத்துவிட்டேன். சில வருடம் கழித்து முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து, 16ஆவதாக மறுபடி அதே புத்தகத்தில் நின்றபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. கதாநாயகனுக்குத் தன் தாயைப் பற்றிய உண்மை தெரியவரும் புத்தகம் அது. முந்தைய 15 புத்தகங்களும் அந்த அடிக்கு அவனைத் தயார் செய்துகொண்டே வருகின்றன. நான் அடியை முதலில் பார்த்துவிட்டு ஆளை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தொடரில் கொலை அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும். மற்ற எதுவும் முடியாது. எங்கே தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தாண்டிப் போகலாம் என்று நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

கையில் எடுக்கும் முன்

ஜே. டி. ராப் என்பது நோரா ராபர்ட்ஸின் இன்னொரு பெயர். காதல் நாவல்களில் ஏற்கெனவே பெரிய பெயர் எடுத்திருந்த அமெரிக்க எழுத்தாளர். அவர் எழுதும் வேகத்துக்குப் பதிப்பகத்தால் ஒரே பெயரில் புத்தகம் போட்டு மாளவில்லை. அதனால் வேறு வகை எழுத்துக்கு வேறு பெயர் என்று முடிவாயிற்று. ஜேசன், டான் என்ற தன் இரண்டு மகன்களின் முதலெழுத்துகளை எடுத்துக்கொண்டு, ராபர்ட்ஸைச் சுருக்கி ராப் ஆக்கிக்கொண்டார். 1995இல் முதல் புத்தகம் ‘நேக்கட் இன் டெத்’ வந்தது. இன்றைக்கு எண்ணிக்கை 60ஐத் தாண்டிவிட்டது. வருடத்துக்குச் சாதாரணமாக இரண்டு வரும்.

60 என்றதும் மலைக்க வேண்டாம். கதை 2058 பிப்ரவரியில் நியூயார்க்கில் தொடங்குகிறது. நமக்கு 30 வருடம் ஓடியிருக்கிறது. கதைக்குள் 2061தான் ஆகியிருக்கிறது. ஆட்கள் யாரும் நரைத்துப் போகவில்லை. சில வாரங்களுக்கு ஒரு கொலை என்று அந்த ஊர்க் காலம் மெதுவாகத்தான் நகர்கிறது. அதனால் வரிசையாகப் படிக்கும்போது ஒரே ஆளின் மூன்று நான்கு வருட வாழ்க்கையை நாள்வாரியாகப் பக்கத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். மாத நாவலில் ஒரே துப்பறியும் ஜோடி திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி புதிதில்லை. ஆனால் அங்கே ஜோடி அப்படியே இருக்கும். இங்கே கொஞ்சங்கொஞ்சமாக மாறுவார்கள்.

ஈவ் டாலஸ் நியூயார்க் போலீஸின் கொலைப் பிரிவில் லெப்டினென்ட். கதை தொடங்கும்போது வயது 30. எட்டு வயதில் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரத்துச் சந்து ஒன்றில் அடிபட்டுக் கிடந்தவள். பெயர் தெரியாததால் அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். ரோர்க் டப்ளின் தெருக்களில் திருடிப் பிழைத்து வளர்ந்த ஐரிஷ்காரன், இப்போது உலகத்தையே விலைக்கு வாங்கும் கோடீஸ்வரன். ஒற்றைப் பெயர்தான், முன்னால் பின்னால் எதுவும் கிடையாது. இருவரும் சந்திக்கும்போது அவன் அவளுடைய சந்தேகப் பட்டியலில் இருக்கிறான். காதல் கதையா, துப்பறியும் கதையா, எதிர்காலக் கதையா என்று கேட்டால் மூன்றும்தான். எது தூக்கலாக இருக்கிறது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.

முதல் மூன்றையும் ஒரே புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள்

‘நேக்கட் இன் டெத்’, ‘குளோரி இன் டெத்’, ‘இம்மார்ட்டல் இன் டெத்’. முதல் இரண்டும் 1995, மூன்றாவது 1996. இந்த மூன்றைப் படிக்கும்வரை தொடர் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். முதல் புத்தகத்தில் சந்திக்கிறார்கள். மூன்றாவதன் கடைசியில் கல்யாணம். இதைச் சொல்வதால் சுவாரசியம் ஒன்றும் கெட்டுவிடாது. இத்தனை புத்தகத்தின் பின்னட்டைகளும் அவர்களைக் கணவன் மனைவி என்றே சொல்கின்றன.

முதல் புத்தகத்தில் செத்துப்போவது ஒரு செனட்டரின் பேத்தி. சட்டப்படி லைசென்ஸ் வாங்கிப் பாலியல் தொழில் செய்தவள். கொன்ற ஆயுதம் துப்பாக்கி. 2058இல் அதுதான் அதிர்ச்சியே. அந்த உலகத்தில் துப்பாக்கி தடை செய்யப்பட்டுவிட்டது, சேகரிப்பாளர்களிடம் மட்டும் பழம்பொருளாக இருக்கிறது. ரோர்க் அப்படிப்பட்ட சேகரிப்பாளன். அவன் பட்டியலில் ஏறியது இப்படித்தான்.

இந்தப் புத்தகத்தில் இரண்டு சின்னப் பொருள்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது காபி. அந்தக் காலத்தில் நிஜக் காபிக்கொட்டை பணக்காரச் சமாசாரம். போலீஸ் ஸ்டேஷனில் கிடைப்பது காபி என்ற பெயரில் ஏதோ கழனித் தண்ணீர். ஈவுக்கோ காபி என்றால் உயிர். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ரோர்க் அவளுக்கு நிஜக் காபியைப் பரிசாக அனுப்புகிறான். சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஆளிடமிருந்து போலீஸ் பரிசு வாங்கலாமா? கூடாது. ஆனால் வாசனை மூக்கைத் துளைக்கிறது. பிற்பாடு அவன் கொடுக்கும் பெரிய வைரம் அவளை வெறும் சங்கடத்தில்தான் தள்ளுகிறது. இந்தக் காபி அப்படியில்லை. இத்தனைக்கும் அப்புறம் ஒவ்வொரு புத்தகத்திலும் யாராவது ஒரு கப் காபி குடிப்பார்கள். அந்த முதல் பார்சல் தெரியாதவர்களுக்கு அது வெறும் காபி. தெரிந்தவர்களுக்கு அப்படியில்லை.

இரண்டாவது ஒரு பொத்தான். ஈவின் சாம்பல் நிறக் கோட்டிலிருந்து அறுந்து ரோர்க்கின் காரில் விழுகிறது. அவன் எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட வராது. ஆனால் அந்தப் பொத்தான் தொடர் முழுக்க அவன் பாக்கெட்டிலேயே இருக்கிறது. 20 புத்தகம் தாண்டி, எங்கோ ஒரு ஆபத்தில் அவன் கை பாக்கெட்டுக்குள் போய்ப் பொத்தானை உருட்டும். ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்க மாட்டார். நடுவிலிருந்து படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். வரிசையாகப் படியுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

இரண்டாவது புத்தகத்தில் சீருடை போட்ட ஒரு இளம் கான்ஸ்டபிள் வருகிறாள். பெயர் பீபடி. அப்போது பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஆனால் ஆளைக் கவனித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் ஈவ் அவளைத் தன் உதவியாளாக எடுத்துக்கொள்கிறாள். தொடரின் சிரிப்பில் பாதி இவளால்தான். ஈவை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள், ‘மேடம்’ என்றால் ஈவுக்குப் பிடிக்காது. ஈவின் தோழி மேவிஸ் ஒரு பாடகி, தலைமுடி வாரத்துக்கு ஒரு நிறம். ஒருகாலத்தில் ஈவே கைது செய்து பழக்கமானவள். மூன்றாவது புத்தகத்தில் அவள்மேலேயே கொலைப்பழி விழும்போது, நட்பு என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்த ஒருத்தி தோழிக்காக என்ன பாடுபடுகிறாள் என்பதுதான் கதை. என் கணக்கில் முதல் மூன்றில் இதுதான் சிறந்தது.

நாலாவதிலிருந்து

வரிசை இது: ‘ராப்ச்சர்’, ‘செரிமனி’, ‘வெஞ்சன்ஸ்’, ‘ஹாலிடே’, ‘கான்ஸ்பிரசி’, ‘லாயல்ட்டி’, ‘விட்னஸ்’, ‘ஜட்ஜ்மென்ட்’, ‘பிட்ரேயல்’, ‘செடக்‌ஷன்’, ‘ரீயூனியன்’, ‘ப்யூரிட்டி’, ‘போர்ட்ரெய்ட்’. எல்லாவற்றின் வாலிலும் ‘இன் டெத்’ உண்டு. 1996 முதல் 2003 வரை வந்தவை. இந்தப் பகுதியை மட்டும் ஒன்றையும் விடாமல் வரிசையாகப் படித்துவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை.

நேரமில்லை, சிலதைத்தான் படிக்க முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது: ‘ராப்ச்சரை’யும் ‘செரிமனி’யையும் வேண்டுமானால் வேகமாகப் புரட்டிவிட்டு வாருங்கள். ‘வெஞ்சன்ஸை’ விடவே கூடாது. ரோர்க்கின் டப்ளின் காலம் முதன்முதலாக வெளியே வருவது அதில்தான். பட்லர் சம்மர்செட் வெறும் பட்லர் இல்லை என்பதும் அங்கேதான் தெரியும். ஈ.டி.டி. எனப்படும் கணினிக் குற்றப் பிரிவுப் பையன் மெக்னாப் கண்ணைக் கூசும் சட்டையோடு அறிமுகமாவதும் அதில்தான். அவனும் பீபடியும் முதலில் எலியும் பூனையும். ‘கான்ஸ்பிரசி’யில் ஈவின் போலீஸ் பேட்ஜைப் பிடுங்கிவிடுகிறார்கள். பேட்ஜ் இல்லாவிட்டால் தான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த இருபது முப்பது பக்கத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். கொலையை மறந்துவிட்டேன், அது மட்டும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் எது எதற்கு முன்னால் என்று தெரிந்தால் போதும். ‘ஜட்ஜ்மென்ட்’ படிக்காமல் ‘பிராமிசஸ்’ படிக்காதீர்கள், பழைய பகை அங்கே திரும்ப வருகிறது. ‘ஆரிஜின்’ படித்துவிட்டு ‘செலிப்ரிட்டி’க்குப் போங்கள். முந்தையதில் ஈவ் துப்புத் துலக்கிய வழக்கைப் பிந்தையதில் சினிமாவாக எடுக்கிறார்கள், ஈவ் வேஷம் போடும் நடிகை எதிரே வந்து நிற்கிறாள். தலைப்பில் ‘இன் டெத்’ இல்லாமல் வரும் ‘நியூயார்க் டு டாலஸ்’ 33ஆவது முழு நாவல், 2011. ஈவ் தன் பெயருக்குக் காரணமான ஊருக்குத் திரும்பப் போகிறாள். இதற்கு முன் ‘ரீயூனியன்’ கட்டாயம். அவள் அந்த ஊருக்கு முதலில் போய்வந்தது அதில்தான். 2025இல் வந்த ‘பாண்டட் இன் டெத்’ சம்மர்செட்டின் இளமைக் காலத்தைத் தொடுகிறது. ‘வெஞ்சன்ஸ்’ படித்த கையோடு இதைப் படித்தாலும் கதை புரியும், ஆனால் நடுவில் 50 புத்தகங்களாக அவரும் ஈவும் வாசலில் நின்று சண்டை போட்டதைப் பார்த்திருந்தால்தான் அதன் கனம் தெரியும்.

அந்த வாசல் சண்டையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து ஈவ் வருவாள். கூடத்தில் எலும்புக்கூடு மாதிரி கறுப்பு உடையில் சம்மர்செட் நிற்பார், காலடியில் கேலஹாட் என்ற குண்டுப் பூனை. அவர் தாமதத்தைப் பற்றியோ சட்டையில் ஒட்டியிருக்கும் ரத்தத்தைப் பற்றியோ ஒரு குத்தல் விடுவார். இவள் பதிலுக்கு ஒன்று விடுவாள். அப்புறம், அவருக்குப் பிடிக்காது என்பதற்காகவே, கோட்டைக் கழற்றி மாடிப்படிக் கைப்பிடித் தூணில் வீசிவிட்டு ஏறிப் போவாள். எல்லாப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதே காட்சி. கோட்டை வீசாத நாள் வந்தால் என்னவோ ஆகிவிட்டது என்று நமக்கே தெரிந்துவிடும்.

நடுவில் வந்த குறுநாவல்களையும் மறந்துவிடாதீர்கள். முதலில் பல எழுத்தாளர்கள் சேர்ந்த தொகுப்புகளில் வந்தவை. அதனால்தான் பட்டியல்களில் ஏழரை, பன்னிரண்டரை என்று விசித்திரமாக எண் போட்டிருப்பார்கள். ‘மிட்நைட் இன் டெத்’ கட்டாயம். ‘ஹாலிடே’யை முடித்த கையோடு எடுங்கள், அதே கிறிஸ்துமஸ் வாரத்தில் நடக்கிறது. ‘இன்டர்லூட்’ ‘பிட்ரேய’லுக்குப் பின்னால். இவை இரண்டோடு ‘ஹான்டட்’டையும் சேர்த்து ‘த்ரீ இன் டெத்’ என்று ஒரே புத்தகமாகவும் வந்திருக்கிறது. மற்றவை கிடைத்தால் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் குடி முழுகிப்போகாது. ‘ரிமெம்பர் வென்’ என்று ஒன்று உண்டு: முதல் பாதி நோரா ராபர்ட்ஸ் பெயரில் நம் காலத்துக் கதை, இரண்டாம் பாதி ராப் பெயரில் ஈவ் காலத்துக் கதை. ஈவ் வரும் பாதி மட்டும் ‘பிக் ஜாக்’ என்று தனியாகவும் விற்கிறது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஊரின் பேச்சு

முதல் 50 பக்கம் சிலருக்குத் திணறும். அகராதியில் இல்லாத சொற்களை ஆசிரியர் விளக்காமலே வீசிக்கொண்டு போவார். பயப்பட ஒன்றுமில்லை, பத்துப் பதினைந்து சொல் பிடிபட்டால் ஓடிவிடும்.

‘லிங்க்’ என்றால் முகம் பார்த்துப் பேசும் போன். 1995இல் எழுதும்போது அது கற்பனை, இன்று நம் கையில் இருக்கிறது. ‘ஆட்டோசெஃப்’ பொத்தானைத் தட்டினால் சாப்பாடு தரும் அடுப்பு. ‘டிராய்ட்’ மனித உருவ யந்திரம். ‘எல்.சி.’ என்றால் முன்னே சொன்ன லைசென்ஸ் பெற்ற பாலியல் தொழிலாளி. ‘இல்லீகல்ஸ்’ போதைப்பொருள். ‘ஆஃப் பிளானட்’ என்றால் ஆள் பூமியில் இல்லை, விண்வெளிக் குடியிருப்பில் இருக்கிறார். அது பக்கத்து ஊருக்குப் போன மாதிரி சர்வசாதாரணமாகப் பேசப்படும். ‘அர்பன் வார்ஸ்’ இந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் நகரக் கலவரங்கள். அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் எல்லோருக்கும் அதில் ஒரு கதை இருக்கும். போலீஸ் கையில் இருப்பது ‘ஸ்டன்னர்’, ஆளை உறைய வைக்கும் ஆயுதம். டாக்டர் மீரா என்று பெயரைப் பார்த்ததும் நம்ம ஊர் அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். அது குடும்பப் பெயர், முதல் பெயர் ஷார்லட். குற்றவாளியின் மனதை வாசித்துச் சொல்லும் போலீஸ் உளவியலாளர்.

எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாகக் கதையின் எலும்புக்கூடு ஒன்றும் உண்டு. விடிவதற்குள் லிங்க் அடிக்கும். சம்பவ இடம். ஈவ் கையிலும் பூட்ஸிலும் ‘சீல்-இட்’ அடித்துக்கொள்வாள், தடயத்தின்மேல் தன் தடயம் படாமல் இருக்க. ‘ரெக்கார்ட் ஆன்’ என்று சொல்லிவிட்டு, செத்தவரின் பெயர், வயது, இறந்த நேரம் என்று வரிசையாகச் சொல்வாள். குரலில் உணர்ச்சியே இருக்காது. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அந்த வறட்டுக் குரல்தான் அவள் செத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை. அப்புறம் உறவினருக்குத் தகவல், பிணவறை, பரிசோதனைக் கூடம். கூடத்தின் தலைவருக்கு லஞ்சம் கொடுத்தால்தான் வேலை நடக்கும், கொடுப்பது பெரும்பாலும் விளையாட்டு டிக்கெட்டோ நல்ல பாட்டிலோ. இரவில் வீட்டு அலுவலக அறையில் பலகை நிறையப் படங்கள் ஒட்டி, ரோர்க்கோடு சாப்பிட்டுக்கொண்டே யோசிப்பார்கள். கடைசியில் விசாரணை அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் ஈவும் பீபடியும், அந்தப் பக்கம் குற்றவாளி. பக்கக்கணக்கில் வெறும் பேச்சு. துரத்தலும் சண்டையும் இருக்கும்தான், ஆனால் இந்த அறைதான் உண்மையான உச்சகட்டம்.

யார் கொலையாளி என்ற புதிருக்காக மட்டும் படிப்பவர் என்றால் ஏமாந்து போவீர்கள். நிறையப் புத்தகங்களில் ஆசிரியர் ஆளை முன்கூட்டியே காட்டிவிடுவார், சிலவற்றில் கொலையாளியின் தலைக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுவார். எப்படிப் பிடிக்கிறாள் என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் எச்சரிக்கை

ஈவின் சிறுவயதுக் கொடுமை வெறும் பின்னணித் தகவலாக நின்றுவிடாது. கெட்ட கனவுகளாக, விவரமாக, திரும்பத் திரும்ப வரும். பெற்ற தகப்பன் செய்த பாலியல் கொடுமை அது. முதல் புத்தகத்தின் வழக்கும் அதே புண்ணைத்தான் கீறுகிறது. இப்படிப்பட்ட விஷயங்களைப் படித்தால் தூக்கம் போய்விடும் என்பவர்கள் யோசித்து எடுங்கள். சிறு பிள்ளைகளிடம் கொடுக்கும் புத்தகம் இது கிடையாது.

படுக்கையறைக் காட்சிகளும் உண்டு, புத்தகத்துக்கு இரண்டு மூன்று. கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடலாம், துப்பு எதுவும் நழுவாது. ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு: சண்டை போட்டுவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து அப்புறம் வரும் காட்சியில், கடைசி நாலு வரிப் பேச்சையாவது பாருங்கள்.

குறை சொல்ல எனக்கும் இருக்கிறது. ரோர்க்கின் நீலக் கண்ணையும் ஐரிஷ் குரலையும் எத்தனை முறைதான் வர்ணிப்பார்! எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் அது அவனுடையதாக இருப்பது ஆரம்பத்தில் வேடிக்கை, போகப்போகச் சலிப்பு. முதல் நாலைந்து புத்தகங்களில் ஈவ் வேண்டாம் என்ற பிறகும் அவன் விடாப்பிடியாகத் தன் இஷ்டத்தை நடத்திக்கொள்ளும் இடங்கள் இன்று படிக்கும்போது உறுத்துகின்றன. பின்னால் குறைகிறது, அதற்காக இருவரும் நன்றாகவே சண்டை போட்டிருக்கிறார்கள். விண்வெளிக்குப் போய்வரும் காலத்தில் தகவலை வட்டில் பதிந்து கையில் கொடுக்கிறார்களே என்று சிரிப்பு வரும். 1995 மூளையில் 2058ஐ யோசித்தால் அப்படித்தான்.

வாங்கும்போது

தலைப்புகள்தான் பெரிய தொல்லை. ‘இமிடேஷன்’, ‘இன்னொசன்ட்’, ‘இன்டல்ஜென்ஸ்’ என்று எல்லாம் ஒரே சாயல். அட்டையில் வரிசை எண் பெரும்பாலும் இருக்காது. மறுபதிப்பில் அட்டைப்படமும் மாறிவிடும். அப்படித்தான் ‘விட்னஸை’ இரண்டு முறை வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. புரட்டினால் பதிப்புரிமைப் பக்கம் இருக்கும். அதில் முதன்முதலில் வெளியான வருடத்தைப் பாருங்கள். மறுபதிப்பு வருடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். போனில் முழு வரிசையையும் குறித்து வைத்துக்கொண்டு, வாங்கியதற்கு ஒரு டிக், படித்ததற்கு ஒரு டிக் போட்டால் தீர்ந்தது.

முதல் மூன்றை மட்டும் வாங்குங்கள். ஆசையில் பத்தை ஒரேயடியாக அள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 350 பக்கம். ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் போலீஸ் கொச்சை நிறைய. ஒரு ஆறுதல்: ஆங்கிலப் பழமொழிகள் ஈவுக்கே பிடிபடாது. எதையாவது தப்பாகச் சொல்லுவாள், இல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம், எவன் கண்டுபிடித்தான் என்று பீபடியிடம் சண்டைக்குப் போவாள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த நமக்கு அந்த இடங்களில் ஒரு தனிச் சந்தோஷம்.

காதால் கேட்கிறவர்களுக்கு ஒலிப்புத்தகம் நல்ல வழி. தொடரை வாசிப்பவர் சூசன் எரிக்சன். ரோர்க்கின் ஐரிஷ் இழுவையும் பீபடியின் படபடப்பும் அவர் குரலில் தனித்தனியாகத் தெரியும். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற குழப்பமும் போய்விடும். நான் முதல் பத்தைக் கண்ணால் படித்துவிட்டு, அதற்குப் பிறகு சமையலறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். வெங்காயம் நறுக்கும்போது பிணப் பரிசோதனை வந்தால் கொஞ்சம் கஷ்டம்தான், மற்றபடி பழகிவிட்டது.

அடுத்தடுத்து அடித்துப் படித்தால் திகட்டும். மாதம் ஒன்று என் கணக்கு, நடுவில் வேறு ஏதாவது. அப்படிப் படித்தும் ஈவின் அலுவலக அறையில் ஒளித்து வைக்கும் சாக்லேட்டைத் திருடுவது யாரென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இத்தனை கொலைகாரர்களைப் பிடித்தவளுக்கே அது பிடிபடவில்லை. ஒளிக்கும் இடத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறாள். உங்களுக்குச் சந்தேகம் யார்மேல் என்று மூன்றாவது புத்தகத்துக்கு அப்புறம் சொல்லுங்கள்.